மேடையை மட்டும் நம்பாமல் வீணையை வைத்துப் பிழைப்பது எப்படி?

2017 ஜூனில் வேலையை விட்டபோது என் கையில் இருந்தவை மூன்று: ஒரு வீணை, ஆகாசவாணியின் ‘பி’ கிரேடு கடிதம், ஏழு மாதம் தாக்குப்பிடிக்கும் அளவுக்குச் சேமிப்பு. சபாக்களுக்கு எழுதிப் போட்டால் கச்சேரி வரும், கச்சேரி வந்தால் பெயர் வரும், பெயர் வந்தால் பணம் வரும் என்றுதான் நானும் நினைத்தேன். ஆறாவது மாதமே வாடகைக்கு அண்ணனிடம் கை நீட்ட வேண்டியதாயிற்று.

இன்றைக்கும் வீணைதான் சோறு போடுகிறது. ஆனால் நான் நினைத்த வழியில் இல்லை. வகுப்பு, நாட்டியக் கச்சேரி, ஒலிப்பதிவு, ஸ்வரப்படுத்தி எழுதித் தருவது என்று நாலு பக்கமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. சபா மேடை வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு முறை. அது ஆசைக்கு.

பத்து வருடமாவது முறையாகக் கற்று, இனி இதையே முழுநேரமாகச் செய்யலாமா என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன். என் ஊர் சென்னை, என் வாத்தியம் வீணை. பாட்டோ வயலினோ உங்களுடையது என்றாலும் முக்கால்வாசி பொருந்தும்.

1. ஒரு கச்சேரியின் வரவு செலவை எழுதிப் பாருங்கள்

என் பழைய நோட்டிலிருந்து ஒரு பக்கம். 2018 டிசம்பர், மதியம் இரண்டு மணிக் கச்சேரி. சன்மானம் 5,000 ரூபாய். மிருதங்கத்துக்கு 3,000, கடத்துக்கு 2,000. வீணையை ஆட்டோவில் ஏற்ற முடியாது என்பதால் போக வர கார் 900. புதுத் தந்தி 400. மொத்தம் 6,300. ஆக, ஒன்றரை மணி நேரம் வாசித்துவிட்டு 1,300 ரூபாய் கைக்காசு போட்டு வந்தேன். வந்திருந்தவர்கள் பதினோரு பேர், அதில் நாலு பேர் எங்கள் வீட்டார்.

சில சபாக்கள் பக்கவாத்தியக்காரர்களுக்குத் தனியாகக் கொடுத்துவிடும். சில இடங்களில் ஒரே கவர்தான், பிரித்துக் கொடுப்பது நம் பொறுப்பு. இதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். தேதி கேட்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

பொறி ஒன்று உண்டு. “ஸ்பான்சர் யாராவது இருந்தால் நல்ல ஸ்லாட் கொடுக்கலாம்” என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். நீங்கள் பணம் கொடுத்து வாசிக்க வேண்டும் என்பதுதான் அதற்கு அர்த்தம். நானும் ஒருமுறை 15,000 கொடுத்தேன். அதனால் அடுத்த வருடம் வேறெந்தக் கச்சேரியும் வரவில்லை. அதே ‘நல்ல ஸ்லாட்டுக்கு’ இன்னும் அதிகம் கேட்டுத்தான் போன் வந்தது.

ஒரு வருடச் செலவு கையில் இல்லாமல் வேலையை விடாதீர்கள். அல்லது மாணவர்களிடமிருந்து வரும் பணம் வாடகையைத் தொடும் வரை வேலையில் இருங்கள். இரண்டில் ஒன்று கட்டாயம் வேண்டும்.

2. பெயரை ஒரே மாதிரி ஆக்குங்கள்

இது சின்ன விஷயமாகத் தெரியும். எனக்கு நாலு மாதத்தைத் தின்றது.

நம் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பான் கார்டில் இனிஷியல் விரிந்து அப்பா பெயராக நிற்கும். பாஸ்போர்ட்டில் அதே அப்பா பெயர் ‘சர்நேம்’ ஆகிவிடும். வங்கியில் இனிஷியலோடு இருக்கும். அழைப்பிதழில் ‘வீணை’ என்று அடைமொழி சேர்த்து, இனிஷியலை விட்டுவிட்டு அச்சடிப்பார்கள். கல்யாணம் ஆனவர்கள் என்றால் இன்னொரு பெயரும் சேரும். அடைமொழிப் பெயரில் எனக்கு வந்த இரண்டு செக்குகள் திரும்பிப் போயின. வெளிநாட்டு விண்ணப்பம் ஒன்றில், பத்திரிகை விமர்சனத்தில் இருப்பவரும் பாஸ்போர்ட்டில் இருப்பவரும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது.

பான், ஆதார், வங்கிக் கணக்கு, பாஸ்போர்ட் நான்கிலும் எழுத்துக்கு எழுத்து ஒரே பெயர் இருக்கட்டும். மேடைப் பெயர் வேறாக இருந்தால், அழைப்பிதழ் அச்சாகும் முன்பே “இப்படித்தான் போட வேண்டும்” என்று எழுதி அனுப்பிவிடுங்கள்.

அப்புறம், ஒரு கோப்பு தொடங்குங்கள். ஒவ்வொரு கச்சேரியின் அழைப்பிதழ், நோட்டீஸ், தேதி தெரியும் பத்திரிகை நறுக்கு, சன்மானம் வந்ததற்கான வங்கிப் பதிவு, பரீட்சைச் சான்றிதழ்கள், குருவிடமிருந்து ‘இத்தனை வருடம் என்னிடம் கற்றார்’ என்று கையெழுத்திட்ட கடிதம், எல்லாம் அதில் போகட்டும். ஸ்கேன் செய்து வருடவாரியாகவும் வையுங்கள். உதவித்தொகை, விசா, கல்லூரியில் பகுதிநேர வேலை, எதற்குப் போனாலும் கேட்பது இதைத்தான். குருவின் கடிதத்தை இன்றே வாங்குங்கள். என் குரு தவறிய பிறகுதான் எனக்கு அது தேவைப்பட்டது.

3. ஆகாசவாணி ஆடிஷன்

“இந்தக் காலத்தில் ரேடியோ கிரேடு எதற்கு?” என்று நண்பர்கள் கேட்பார்கள். ரேடியோவில் வாசிப்பதால் வரும் பணம் பெரிதில்லைதான். ஆனால் ‘பி’, ‘பி-ஹை’, ‘ஏ’, ‘டாப்’ என்ற அந்தப் படிநிலையை நாடு முழுக்க எல்லா அலுவலகத்துக்கும் தெரியும். உங்களை அறியாத ஒரு குமாஸ்தா உங்கள் விண்ணப்பத்தைப் பார்க்கும்போது, அவருக்குப் புரியும் ஒரே தராசு அது.

உள்ளூர் நிலையத்தில் முதல்கட்டத் தேர்வு நடக்கும். அதில் தேறினால் ஒலிப்பதிவு டெல்லிக்குப் போகும். மாதங்கள் ஆகும், அதனால் வேலையில் இருக்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள். என்னிடம் நான் எழுதிக் கொடுத்த உருப்படிப் பட்டியலிலிருந்துதான் கேட்டார்கள். பட்டியலை கனமாக்கிக் காட்ட வேண்டும் என்று அபூர்வ ராகங்களாக அடுக்கியிருந்தேன். கேட்டதோ தோடி. அதையும் ஐந்து நிமிடத்துக்குள் நிறுத்தச் சொன்னார்கள். எனவே தோடி, கல்யாணி, காம்போதி, சங்கராபரணம், பைரவி ஐந்தையும் மூன்று நிமிடத்திலும் வாசிக்கத் தெரிய வேண்டும், பதினைந்து நிமிடத்திலும் வாசிக்கத் தெரிய வேண்டும். மூன்று நிமிடம்தான் கஷ்டம்.

4. வகுப்பு: வருமானத்தின் முதுகெலும்பு

கச்சேரிக் கலைஞர் வகுப்பெடுத்தால் மதிப்புக் குறைவு என்ற பேச்சு இன்னும் இருக்கிறது. சொல்பவர்கள் யாரும் நம் மின்சாரக் கட்டணத்தைக் கட்டப் போவதில்லை.

யாருக்குச் சொல்லிக்கொடுப்பது என்பதில்தான் சூட்சுமம். எட்டு வயதுக் குழந்தைகளுக்குத் தெருவுக்கு நாலு பாட்டு டீச்சர் இருக்கிறார்கள். நாற்பது வயதுக்கு மேல் முதல்முறையாக வீணையைத் தொடுகிறவர்களைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. அவர்களுக்கு அரங்கேற்றம் வேண்டாம். ஒரே ஒரு கீர்த்தனை, அம்மா பாடியது, அதை வாசித்துவிட வேண்டும் என்று வருவார்கள். நேரத்துக்குப் பணம் அனுப்புவார்கள், பயிற்சியும் செய்வார்கள். விரலில் கொப்புளம் வந்தால் மட்டும் பயந்துவிடுவார்கள், அதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள். என் மாணவர்களில் பாதிக்கு மேல் இவர்கள்தான், பெரும்பாலோர் வெளிநாட்டில்.

இணைய வகுப்புக்குச் செலவு அதிகமில்லை. எட்டாயிரம் ரூபாய்க்குள் ஒரு யூஎஸ்பி மைக், கம்பி வழி இணையம், இரண்டு கோணத்தில் கை தெரிய ஒரு பழைய போனும் ஸ்டாண்டும் போதும். ஆனால் நான் முதல் இரண்டு மாதம் ஒரு விஷயம் தெரியாமல் திண்டாடினேன். ஜூம் போன்ற செயலிகள் மனிதப் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. விடாமல் ஒலிக்கும் எதையும் மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து வெட்டிவிடும். தம்பூரா அதற்கு மின்விசிறிதான். நான் இங்கே ஸ்ருதியோடு வாசிக்கிறேன், அங்கே மாணவிக்கு முதல் ஐந்து விநாடிக்குப் பிறகு ஸ்ருதியே கேட்கவில்லை. சுண்டுவிரலால் தாளத் தந்தியை மீட்டுவது சுத்தமாகப் போய்விட்டது. கமகத்தின் (ஸ்வரத்தை அசைத்து இழுப்பதன்) வால் பாதி அறுந்து, காந்தார ஸ்வரம் மொட்டையாக நின்றது. அவர் அந்த மொட்டைக் காந்தாரத்தை அப்படியே பாடம் பண்ணிக்கொண்டு வந்து வாசித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. ஆடியோ அமைப்பில் ‘ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்’ என்று ஒன்று இருக்கிறது. இரண்டு பக்கமும் அதைப் போட வேண்டும். மாணவர் பக்கம் போடாமல் விட்டால் அவர் வாசிப்பது உங்களுக்கு மொட்டையாகக் கேட்கும், இல்லாத தப்பைத் திருத்திக்கொண்டிருப்பீர்கள்.

அடுத்தது தாமதம். இரண்டு ஊரிலிருந்து சேர்ந்து வாசிக்க முடியாது, முயற்சியே வேண்டாம். நீங்கள் தாளம் போட்டு அவர் வாசித்தால் எப்போதும் அரை அட்சரம் பின்னால்தான் கேட்கும். பாவம், அவர் மேல் தப்பில்லை. நீங்கள் ஒரு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) வாசியுங்கள், அவர் மைக்கை அணைத்துவிட்டுக் கூடவே வாசிக்கட்டும். பிறகு அவர் தாளத்தை அவரே மீட்டி வாசிக்கட்டும், நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு கேளுங்கள்.

நேரம். அமெரிக்காவில் மார்ச் இரண்டாவது ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் கடிகாரம் மாறும். நம் காலை 6.30 என்பது நியூயார்க்கில் கோடையில் முந்தைய இரவு 9 மணி, குளிர்காலத்தில் 8 மணி. யார் கடிகாரம் நிலையானது என்று சேரும்போதே எழுதிவிடுங்கள். நான் நம் நேரத்தை நிலையாக வைத்திருக்கிறேன். இல்லாவிட்டால் நவம்பர் முதல் வாரத்தில் இரண்டு மாணவர்கள் ஒரே நேரத்தில் திரையில் வந்து நிற்பார்கள்.

கட்டணம் மாதத்துக்கு, முன்பணமாக. வகுப்புக்கு இவ்வளவு என்று வாங்காதீர்கள். அப்படி வாங்கினால் பரீட்சை, ஜலதோஷம், ஊருக்குப் போவது என்று மே மாதத்தில் உங்கள் வருமானம் பாதியாகிவிடும். நான் மாதம் நான்கு வகுப்புக்கு உள்ளூரில் 2,500 ரூபாய், வெளிநாட்டவரிடம் 80 டாலர் வாங்குகிறேன். 24 மணி நேரம் முன்பே சொல்லிவிட்டால் மாற்று வகுப்பு உண்டு, மாதத்துக்கு ஒன்று மட்டும். தயவுசெய்து இதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்பி, ‘சரி’ என்று பதில் வாங்குங்கள்.

புது மாணவர் வீணை வாங்கித் தரச் சொல்வார். கடையில் கமிஷன் தருவார்கள். வாங்காதீர்கள். ஆறு மாதத்தில் மேளம் போனால் (மெழுகு இளகி, தந்தியை அழுத்தும் உலோக மெட்டுகள் நகர்ந்துவிடும்) அவர் சந்தேகப்படுவது கடையை அல்ல, உங்களை.

5. நாட்டியக் கச்சேரி

பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கு வீணை வாசிப்பது, பாடுவது எல்லாம் சபாக் கச்சேரியைவிட நல்ல சன்மானம் தரும். ஆனால் ஒத்திகையில்தான் ஏமாறுவோம். “ஒரு நாள் வந்தால் போதும்” என்பார்கள், ஆறு நாள் ஆகும். நான் இப்போது இரண்டு ஒத்திகை, நிகழ்ச்சி அன்று ஒரு ஒலிச் சோதனை என்று பேசுகிறேன். அதற்கு மேல் ஒவ்வொரு ஒத்திகைக்கும் தனித் தொகை.

இன்னொரு பொறி: ‘பிராக்டிஸுக்கு’ என்று ஸ்டூடியோவில் ஒருமுறை பதிவு செய்வார்கள். அடுத்த நாலு வருடம் எல்லா மேடையிலும் அந்தப் பதிவுதான் ஓடும். உங்களைக் கூப்பிட மாட்டார்கள். நான் வாசித்த ஒரு வர்ணத்தை ஒரு கல்யாண மண்டபத்தில் நானே வாசலில் நின்று கேட்டேன். பதிவுக்குப் போகும் முன் ஒரு வரி எழுதி அனுப்புங்கள்: ‘இந்தப் பதிவு இன்னாரின் பயிற்சிக்கும், இந்தத் தேதி நிகழ்ச்சிக்கும் மட்டும். வேறு நிகழ்ச்சிக்குப் பயன்படுத்தினால் இவ்வளவு ரூபாய்.’ சண்டை போடுகிற தொனி வேண்டாம், வெறும் மின்னஞ்சல் போதும்.

6. ஒலிப்பதிவும் உரிமையும்

இங்கேதான் படித்தவர்களும் தடுக்கி விழுகிறார்கள்.

இந்தியாவில் ஒரு பாடலின் பதிப்புரிமை அதை இயற்றியவர் மறைந்த வருடம் முடிந்து 60 வருடம் இருக்கும். தியாகராஜர் மறைந்தது 1847, தீட்சிதர் 1835, சியாமா சாஸ்திரி 1827. இவர்கள் கீர்த்தனைகளை வாசித்து வெளியிட யாரிடமும் கேட்க வேண்டாம். பாரதியார் பாடல்கள் நாட்டுடைமை ஆனவை. ஆனால் பாபநாசம் சிவன் மறைந்தது 1973. அவர் பாடல்களுக்கு 2033 முடியும் வரை உரிமை உண்டு.  ‘பழைய பாட்டுதானே’ என்று ஆல்பத்தில் போட்டுவிட்டு முழிக்காதீர்கள். வெளியிடும் முன் உரிமை வைத்திருப்பவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மாதக்கணக்கில் இழுக்கும், ஆனால் கிடைக்கும்.

யூடியூபில் எதிர்ப்பக்கம் தலைவலி. தியாகராஜர் கீர்த்தனையை நீங்களே வாசித்து ஏற்றுவீர்கள். ஏதோ ஒரு நிறுவனத்தின் பழைய பதிவோடு பொருந்துகிறது என்று தானியங்கி உரிமைக் கோரிக்கை வரும், விளம்பர வருமானம் அங்கே போகும். பயந்து வீடியோவை நீக்க வேண்டாம். பாடல் பொதுவுடைமை, வாசிப்பு என்னுடையது என்று எழுதி மறுப்புத் தெரிவியுங்கள். கோரியவருக்கு 30 நாள் அவகாசம். பதில் சொல்லாவிட்டால் கோரிக்கை தானே விழுந்துவிடும்.

எனக்கு வந்த ஒரு கோரிக்கை மட்டும் பல நாள் புரியவில்லை. வாசிப்பு என்னுடையது, ராகம் ஆலாபனை மட்டும், கீர்த்தனையே இல்லை. குறிப்பிட்ட இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்ட பிறகுதான் தெரிந்தது, பொருந்தியது என் வீணை இல்லை, பின்னால் ஓடிய தம்பூரா. அதே செயலியின் அதே தம்பூரா ஒலியை வைத்து வேறொருவர் தியான ஆல்பம் போட்டுப் பதிவு செய்திருக்கிறார். அன்றிலிருந்து பதிவுக்கு நிஜத் தம்பூராவை ஒரு கட்டைக்கு (சுருதிக்கு)ப் பத்து நிமிடம் வீதம் நானே மீட்டிப் பதிந்து வைத்துக்கொண்டேன். ஒரு மத்தியானம் போயிற்று, பிரச்சினையும் போயிற்று.

யூடியூப் விளம்பரப் பணத்தை நம்ப வேண்டாம். அதற்குத் தகுதி பெறவே ஆயிரம் சந்தாதாரர்களும் ஒரு வருடத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அதைத் தாண்டியும் சாஸ்திரீய சங்கீதத்துக்கு வருவது காபிச் செலவுக்குத்தான் காணும். சானல் இருப்பது மாணவர்கள் உங்களைக் கண்டுபிடிக்க. என்னிடம் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் பார்த்துவிட்டு வந்தது ஒரு கச்சேரி வீடியோவை இல்லை. மெழுகில் மேளம் கட்டுபவர் 24 மெட்டையும் காதை வைத்தே எப்படிப் பொருத்துகிறார் என்று நான் போனில் எடுத்துப் போட்ட ஆறு நிமிடக் காட்சியை.

சினிமா, விளம்பரம், ஆவணப்படத்துக்கு வாசித்தால் ஒரு தாளை நீட்டுவார்கள். ‘எல்லா உரிமையும், எல்லாக் காலத்துக்கும்’ என்று இருக்கும். கலைஞரின் ராயல்டி உரிமை சட்டத்தில் தனியாக உண்டு, 50 வருடம் வரை. கையெழுத்துப் போடும் முன் ‘ராயல்டி உரிமை நீங்கலாக’ என்று சேர்க்கச் சொல்லிப் பாருங்கள். பத்தில் மூன்று பேர் சேர்க்கிறார்கள். ராயல்டி வசூலித்துத் தரும் சங்கங்களும் உண்டு: சொந்தமாக இசையமைப்பவர்கள் ஐபிஆர்எஸ்ஸிலும், பாடகர்களும் வாத்தியக் கலைஞர்களும் இசாம்ராவிலும் உறுப்பினராகலாம்.

7. வரி

நிகழ்ச்சிக்குப் பணம் தரும் நிறுவனம் பெரும்பாலும் 10 சதவீதம் வரி பிடித்துக்கொண்டு தரும். பான் எண் தராவிட்டால் 20 சதவீதம். உங்கள் வருட வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால் கணக்குத் தாக்கல் செய்து அதைத் திரும்ப வாங்கலாம். “நமக்கு வரியே இல்லையே, எதற்குத் தாக்கல்?” என்று விட்டால் அந்தப் பணம் போனதுதான். ஒருமுறை எனக்கு 7,000 ரூபாய் பிடித்தார்கள். என் பான் கணக்கில் வரவே இல்லை. ஒரு எழுத்தைத் தப்பாக அடித்திருந்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருமான வரித் தளத்தில் உங்கள் பான் எண்ணில் எவ்வளவு வரி வரவாகியிருக்கிறது என்று திறந்து பாருங்கள். உடனே சொன்னால் திருத்துவார்கள், இரண்டு வருடம் கழித்துச் சொன்னால் அந்த அக்கவுண்டன்ட்டே மாறியிருப்பார்.

ஜிஎஸ்டி எண் இல்லையா என்று கம்பெனிகள் கேட்கும். சேவை வருமானம் வருடத்துக்கு 20 லட்சம் தாண்டாதவரை பதிவு தேவையில்லை. தவிர, சாஸ்திரீய இசைக் கலைஞரின் நிகழ்ச்சிக்கு, சன்மானம் ஒன்றரை லட்சம் வரை, ஜிஎஸ்டி விலக்கு உண்டு. தனிநபர் எடுக்கும் இசை வகுப்புக்கும் விலக்கு. இதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு வைத்திருங்கள், கேட்கிறவர்களுக்கு அனுப்பலாம்.

வெளிநாட்டு மாணவர்கள் பணம் அனுப்பும்போது அன்பாக ‘கிஃப்ட்’ என்றோ ‘குடும்பச் செலவு’ என்றோ போட்டுவிடுவார்கள். விடாதீர்கள். இசைக் கட்டணம் என்றே வர வேண்டும். வங்கியிடம் ஒவ்வொரு வரவுக்கும் வெளிநாட்டுப் பண வரவுச் சான்று கேட்டு வாங்கிக் கோப்பில் போடுங்கள்.

8. உதவித்தொகை

மத்திய கலாசார அமைச்சகத்தின் திட்டங்களில் மூன்று நமக்கானவை. 18 முதல் 25 வயதுக்காரர்களுக்கு மாதம் 5,000 ரூபாய், இரண்டு வருடம். 25 முதல் 40 வரை இளநிலை ஃபெலோஷிப், மாதம் 10,000. 40க்கு மேல் முதுநிலை, மாதம் 20,000. மாதம் என்று சொன்னாலும் தவணையாகத்தான் வரும், தாமதமாகவும் வரும். வாடகைக்கு அதை எண்ணாதீர்கள். ஃபெலோஷிப்புக்கு ஒரு ஆய்வுத் திட்டம் எழுத வேண்டும். ‘வீணையின் பெருமை’ என்று எழுதினால் போச்சு. ‘இன்ன பாணியில் இன்னாரிடம் இருக்கும் இத்தனை தானங்களை (ராகத்தைத் தாளமில்லாமல் லயத்தோடு வாசிக்கும் பகுதி) பதிவு செய்து ஸ்வரப்படுத்துதல்’ என்று அளவு தெரிகிற மாதிரி எழுதுங்கள்.

9. வெளிநாட்டுப் பயணம்

அமெரிக்க அழைப்புகள் பெரும்பாலும் கோடை அரங்கேற்றங்களுக்கு வரும். “டூரிஸ்ட் விசாவில் வாங்க, பணம் கையில் கொடுத்துடலாம்” என்று சொந்தக்காரர் மாதிரிப் பேசுவார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். விமான நிலையத்தில் வீணையோடும் அரங்கேற்ற அழைப்பிதழோடும் நிற்கப்போவது நீங்கள்தான். சன்மானம் வாங்கி வாசிக்கச் சாஸ்திரீயக் கலைஞர்களுக்குப் பொருந்துவது பி-3 விசா. அதற்கு அங்கே இருக்கும் அமைப்பாளர்தான் ஐ-129 என்ற மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும். ஒப்பந்தம், நிகழ்ச்சித் தேதிகளும் ஊர்களும், உங்கள் கலை தனித்துவமானது என்பதற்கு வல்லுநர் கடிதங்கள் அல்லது பத்திரிகைச் சான்றுகள் எல்லாம் அதில் இணைக்க வேண்டும். இரண்டாம் படியில் சேர்த்த கோப்பு இங்கேதான் கைகொடுக்கும். நிகழ்ச்சிக்கு ஒரு வருடம் முன்பிருந்தே தாக்கல் செய்யலாம். ஜூன் அரங்கேற்றம் என்றால் முந்தைய அக்டோபரிலாவது தொடங்கச் சொல்லுங்கள். மனுச் செலவும் வழக்கறிஞர் செலவும் யாருடையது என்று முதல் போனிலேயே பேசுங்கள். அங்கே சன்மானத்தில் 30 சதவீதம் வரை வரி பிடிக்கலாம். பேசும் தொகை வரிக்கு முன்பா பின்பா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

இனி வீணை. விமானங்களில் சாமானின் நீளம், அகலம், உயரம் கூட்டி 158 சென்டிமீட்டர் என்பது வழக்கமான வரம்பு. வீணைப் பெட்டி அதைச் சுலபமாகத் தாண்டும், தனிக் கட்டணம் உண்டு. டிக்கெட் எடுக்கும் முன் விமான நிறுவனத்திடம் அளவைச் சொல்லி மின்னஞ்சலில் பதில் வாங்கி, அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். கவுன்டரில் இருப்பவருக்கு விதி தெரியாது, காகிதம் தெரியும். அடிக்கடி போவதானால் தண்டியை (நீண்ட கழுத்துப் பகுதி) கழற்றி மாட்டும் வீணை ஒன்று செய்துகொள்வது லாபம். நாதம் கொஞ்சம் குறைகிறது என்பார்கள், உடைந்த ஏகாண்ட (ஒரே மரத்தில் குடைந்த) வீணையின் நாதத்தைவிட அது எவ்வளவோ மேல்.

பாட்டி காலத்து வீணையில் தந்தத்திலோ மான் கொம்பிலோ வேலைப்பாடு இருந்தால் அது வீட்டிலேயே இருக்கட்டும். வனவிலங்குச் சட்டப்படி பறிமுதல் ஆகும், வாதாட இடமில்லை. புது வீணை என்றால் வாங்கிய ரசீதோடு கிளம்பும் நாளில் சுங்க அதிகாரியிடம் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்குங்கள். திரும்பி வரும்போது ‘வெளியே வாங்கியதா?’ என்ற கேள்விக்கு அதுதான் பதில். இதற்காக ஒரு மணி நேரம் முன்பே போங்கள்.

கட்டும்போது சுரைக்குடுக்கையைத் திருகிக் கழற்றித் தனியாகத் துணியில் சுற்றுங்கள். தந்திகளை ஒன்றிரண்டு ஸ்வரம் இறக்கினால் போதும், முழுக்கத் தளர்த்தினால் குதிரை (தந்திகளைத் தாங்கும் பலகை) நகர்ந்துவிடும். குதிரைக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள். யாளி முகத்தைச் சுற்றிப் பழைய போர்வையைத் திணியுங்கள், முதலில் அடிபடுவது அதன் மூக்குதான். போய் இறங்கியதும் பெட்டியைத் திறக்காதீர்கள். சாமான் அறையின் குளிரில் மெழுகு விறைத்திருக்கும், அப்போது தந்தியை முறுக்கினால் மெட்டு பெயர்ந்து வரும். ஒரு ராத்திரி அறையிலேயே மூடியபடி கிடக்கட்டும். மறுநாள் காலையில் முதலில் சாரணியை (முதல் தந்தி) மட்டும் ஏற்றி, பன்னிரண்டாவது மெட்டில் மேல் ஷட்ஜம் சரியாக நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் மற்ற தந்திகளையும் ஏற்றலாம்.